பொதுக்குழுவில் காட்டும் படங்களும் பார்வைக் கோணமும்

சங்கத்தின் கணக்கை அறிந்து வாக்களிப்பது அங்கத்தினரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். பங்குத்தொகை எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதே கூட்டுறவின் அடிப்படை. அந்த ஒரு வாக்கு பொருளுடையதாக இருக்க வேண்டுமானால், வாக்களிப்பவர் கணக்கை உள்ளவாறு கண்டிருக்க வேண்டும். கண்டது ஒன்றும் உள்ளது வேறொன்றுமாயின், கை உயர்த்துவதில் என்ன பயன்?

முன்னாளில் பொதுக்குழுவில் செயலாளர் ஆண்டறிக்கையை வாசிப்பார்; அங்கத்தினர் செவியால் கேட்பர். இன்று பல சங்கங்களில் சுவரில் திரை கட்டி, கணினியின் துணையால் கணக்கைப் படங்களாகக் காட்டுகிறார்கள். இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. எண்களின் வரிசையைக் கண்டு மலைக்கும் அங்கத்தினரும் படத்தைக் கண்டால் விளங்கிக்கொள்கிறார். ஆனால் அப்படம் எக்கோணத்திலிருந்து பார்ப்பது போல அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே கணக்கு வெவ்வேறாகத் தோன்றும் என்பதைச் சங்கத்தார் பலர் கவனிப்பதில்லை. நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் இதனைப் பன்முறை கண்டிருக்கிறோம். படம் தயாரிப்பவர் வேண்டுமென்றே செய்வதன்று. கணினி தானாகவே தந்த சாய்வை அப்படியே விட்டுவிடுவதால் நேர்வது. ஆகவே இக்கோணம் என்பது யாது, அதனைத் திருத்துவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைச்சாலையும் புலப்படமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏலத் தோட்டங்களுக்குச் சென்று வரும் நம் அங்கத்தினர் அவற்றை நன்கு அறிவர். ஒவ்வொரு வளைவிலும் நின்று கீழே நோக்கினால் அதே நகரமும், அதே வயல்களும், அதே தோப்புகளும் வேறுவேறு உருவில் தெரிகின்றன. ஓரிடத்திலிருந்து நீளமாகத் தெரிந்த வயல் அடுத்த வளைவில் குறுகித் தோன்றும். அருகில் நிற்கும் ஒரு நிழல் மரம் தொலைவிலுள்ள ஒரு மலைமுகட்டையே மறைத்துவிடும். நிலம் மாறவில்லை, பார்ப்பவரின் இடம் மாறியது, தோற்றம் மாறியது.

ஆயினும் எவரேனும் வளைவில் நின்று பார்த்த பார்வையைக் கொண்டு நிலத்தை விலை பேசுவார்களா? பேசமாட்டார்கள். நில அளவையாளர் வரைந்த புலப்படத்தையே பார்ப்பார்கள். அது நேர் மேலிருந்து பார்ப்பது போல வரையப்பட்டது. அதில் எந்த வயலும் பக்கத்தில் இருப்பதால் பெரிதாவதில்லை. தொலைவில் இருப்பதால் சிறிதாவதுமில்லை. கணக்கைக் காட்டும் படமும் புலப்படத்தைப் போன்றதாக இருக்க வேண்டுமேயன்றி, மலை வளைவிலிருந்து காணும் காட்சியைப் போன்றதாக இருத்தலாகாது. நாம் சொல்ல வந்தது இவ்வளவே. மற்றவை இதன் விரிவு.

கோணத்தை ஆளும் மூன்று அளவுகள்

எண்களைப் படமாக வரையும் வழக்கம் புதியதன்று. ஸ்காட்லாந்து தேசத்தவரான வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786இல் வெளியிட்ட நூலில் கோட்டுப்படத்தையும் தூண் படத்தையும் கையாண்டார். 1801இல் வட்டப்படத்தையும் வெளியிட்டார். அவையெல்லாம் தட்டையான படங்கள். கணினி வந்த பின்னரே, படத்திற்குத் தடிப்பும் ஆழமும் கொடுத்து, ஒரு பொருளைப் போல நிற்கச் செய்யும் முப்பரிமாணப் படம் எளிதாயிற்று. இன்று பவர்பாயிண்ட், லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் முதலிய மென்பொருள்களில் ஒரு பொத்தானை அழுத்தினாலே இது கிடைக்கிறது.

இத்தகைய படத்தின் தோற்றத்தை மூன்று அளவுகள் ஆள்கின்றன.

முதலாவது, சுழற்கோணம். பம்பரத்தைப் போலப் படத்தை இடமாகவோ வலமாகவோ திருப்புவது இது. பவர்பாயிண்டில் இதற்கு ‘எக்ஸ் ரொட்டேஷன்’ என்று பெயர்.

இரண்டாவது, சாய்கோணம். நாம் படத்தை நேர் எதிரே நின்று பார்க்கிறோமா, சற்று உயரத்தில் நின்று பார்க்கிறோமா, நேர் மேலிருந்து பார்க்கிறோமா என்பதை இது குறிக்கும். இதற்கு ‘ஒய் ரொட்டேஷன்’ என்று பெயர்.

மூன்றாவது, அண்மை சேய்மை வேறுபாடு. அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றும் இயற்கையை எவ்வளவு தூரம் படத்தில் கொண்டுவருவது என்பதை இது முடிவு செய்கிறது. இதற்குப் ‘பெர்ஸ்பெக்டிவ்’ என்று பெயர்.

முப்பரிமாணத் தூண் படத்தைப் புதிதாகச் செருகும்போது பவர்பாயிண்ட் வழக்கமாகச் சுழற்கோணம் 20 பாகை, சாய்கோணம் 15 பாகை என்று வைத்துத் தருகிறது. வட்டப்படமாயின் சாய்கோணம் 30 பாகை. இவ்வெண்கள் கண்ணுக்கு அழகாக இருக்கும் பொருட்டு வைக்கப்பட்டவையேயன்றி, கணக்கை உண்மையாகக் காட்டும் பொருட்டு வைக்கப்பட்டவையல்ல.

வட்டப்படத்தில் நேரும் பிழை

ஒரு நெசவாளர் சங்கத்தில் உபரியாக 4 லட்சம் ரூபாய் உள்ளதென்றும், அதனைக் காப்பு நிதி, பங்காதாயம், போனஸ், நல நிதி என நான்கு சம பங்காகப் பிரிக்க நிர்வாகக் குழு யோசனை கூறுகிறதென்றும் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 1 லட்சம். தட்டையான வட்டத்தில் ஒவ்வொரு பங்கும் 90 பாகைக் கோணமாக நிற்கும். எவரும் பார்த்தவுடன் நான்கும் சமம் என்பர்.

இனி அவ்வட்டத்தைச் சாய்ப்போம். சாய்கோணம் 30 பாகை என்றால், வட்டத்தின் அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் சரிபாதியாகச் சுருங்குகிறது. வட்டம் நீள்வட்டமாகிறது. அதனைச் சுழற்கோணத்தில் 45 பாகை திருப்பி வைத்தால், பங்காதாயத்தின் பங்கு நம் முன்னே வருகிறது. நல நிதி பின்னே செல்கிறது. காப்பு நிதியும் போனஸும் இருபுறமும் நிற்கின்றன. இப்போது முன்னும் பின்னும் உள்ள பங்குகளின் கோணம் ஏறக்குறைய 127 பாகையாக விரிந்து தோன்றும். பக்கவாட்டில் உள்ளவை ஏறக்குறைய 53 பாகையாகக் குறுகித் தோன்றும். கோணத்தைக் கொண்டு தொகையை மதிப்பிடுபவருக்குப் பங்காதாயம் 1,41,000 ரூபாய் போலவும், காப்பு நிதி 59,000 ரூபாய் போலவும் தென்படும். கணக்கில் இரண்டும் 1,00,000 ரூபாயே.

அதே படத்தை இன்னும் 90 பாகை திருப்பினால் காப்பு நிதி முன்னே வந்து பருத்துவிடும். பங்காதாயம் பக்கத்திற்குச் சென்று மெலிந்துவிடும். ஓர் எண்ணையும் மாற்றாமலே, பங்காதாயம் மிகுதி என்றோ குறைவு என்றோ பொதுக்குழுவுக்குத் தோன்றச் செய்யலாம். இதனால் எத்துணைத் தீங்கு விளையக்கூடும் என்பதை அங்கத்தினரே எண்ணிப் பார்க்கட்டும்.

பிழை இதனோடு நிற்பதில்லை. முப்பரிமாண வட்டத்திற்குத் தடிப்பு உண்டு. அத்தடிப்பின் விளிம்பு முன்பக்கத்தில் மட்டுமே தெரியும், பின்பக்கத்தில் தெரியாது. எனவே முன்னே உள்ள பங்குக்கு அதன் நிறம் கூடுதலாகக் கிடைக்கிறது. வட்டத்தின் ஆரம் 10 பங்கும் தடிப்பு 2 பங்கும் என்று கொண்டு கணக்கிட்டால், முன்னுள்ள காற்பங்கின் நிறப்பரப்பு பின்னுள்ள காற்பங்கினுடையதைப் போல ஏறக்குறைய 1.6 மடங்காகிறது. அண்மை சேய்மை வேறுபாட்டையும் கூட்டிவிட்டால் இது இன்னும் மிகும்.

சாய்வு எவ்வளவு இருந்தால் எவ்வளவு சுருங்கும் என்பதையும் அறிந்துகொள்வது நலம். சாய்கோணம் 45 பாகையானால் உயரம் முழு அளவில் 71 சதவீதமாகிறது. 60 பாகையானால் 87 சதவீதம். 80 பாகையானால் 98 சதவீதம். 90 பாகையானால் முழு வட்டம். அதாவது, நேர் மேலிருந்து பார்க்கப் பார்க்க உண்மை நெருங்கி வருகிறது.

தூண் படத்தில் நேரும் பிழை

தூண் படத்தில் பிழை வேறு வகையில் வருகிறது. முப்பரிமாணத் தூண்களுக்குப் பின்னே ஒரு சுவர் இருக்கும். அச்சுவரில் 50, 100, 150 என்று அளவுக்கோடுகள் வரையப்பட்டிருக்கும். தூணோ சுவரை ஒட்டி நிற்பதில்லை. சற்று முன்னே நிற்கிறது. மேலிருந்து சாய்த்துப் பார்க்கும்போது முன்னே நிற்கும் பொருள் திரையில் கீழே இறங்கித் தோன்றும். ஆதலால் சரியாக 100 அளவுள்ள தூணின் தலை, சுவரிலுள்ள 100 என்ற கோட்டைத் தொடாமல் அதற்குக் கீழேயே நின்றுவிட்டது போலத் தெரியும். நூறு சேலை நெய்து ஒப்படைத்தவரின் கணக்கு, திரையில் நூற்றுக்குக் குறைவாகத் தோன்றுமானால் அவர் மனம் நோகாதா?

தூண்களை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மூன்று வரிசையில் நிறுத்துவதும் உண்டு. அப்போது முன்வரிசையின் உயர்ந்த தூண் பின்வரிசையை மறைத்துவிடும். ஏல விலையை இவ்வாறு காட்டினால் என்னவாகும் என்று பார்ப்போம். 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடி ஏல மையத்தில் ஒரு தொகுப்பு ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்கு விலை போயிற்று. அது ஒரு தொகுப்புக்குக் கிடைத்த உச்ச விலை. அன்று விற்ற காய் அனைத்துக்கும் கிடைத்த விலையன்று. இந்த 7,000 ரூபாயை முன்வரிசையில் ஒரு தூணாக நிறுத்திவிட்டால், பின்னே உள்ள சாதாரண மாதங்களின் சராசரி விலைகள் அதன் நிழலில் மறைந்துபோகும். அப்படத்தை நம்பி அடுத்த ஆண்டுக்கான கடனைத் திட்டமிடும் சாகுபடியாளர் துன்பத்துக்குள்ளாவார்.

அண்மை சேய்மை வேறுபாட்டைப் பற்றியும் ஒரு சொல். பார்ப்பவரிடமிருந்து 10 அடியில் ஒரு தூணும் 15 அடியில் அதே உயரமுள்ள மற்றொரு தூணும் நின்றால், பின்னது முன்னதில் மூன்றில் இரண்டு பங்கு உயரமாகவே கண்ணுக்குத் தெரியும். தெருவில் இது இயற்கை. கணக்கில் இது பிழை.

திருத்தும் முறை

பவர்பாயிண்டில் படத்தின் மீது சுட்டியை வைத்து வலப் பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் ‘த்ரீ-டி ரொட்டேஷன்’ என்பதைத் தேர்ந்தால் பக்கத்தில் ஒரு பலகம் திறக்கும். அங்கே மேற்சொன்ன மூன்று அளவுகளும் எண்களாக இருக்கும். அவற்றைப் பின்வருமாறு அமைக்கலாம்.

தூண் படமாயின், ‘ரைட் ஆங்கிள் ஆக்சிஸ்’ என்ற கட்டத்தில் குறியிடுக. இதனால் அச்சுக்கள் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிற்கும். அண்மை சேய்மை வேறுபாடும் செயலற்றுப் போகும். பின்னர் சுழற்கோணத்தையும் சாய்கோணத்தையும் 0 ஆக்குக. தூண்கள் நேர் எதிரே நின்று பார்ப்பது போலத் தட்டையாகிவிடும். தலைகள் அளவுக்கோடுகளோடு பொருந்தும்.

வட்டப்படமாயின், சாய்கோணத்தை 90 பாகைக்கு இயன்றவரை அருகில் உயர்த்துக. பெர்ஸ்பெக்டிவ் எண்ணை இயன்றவரை குறைத்திடுக. வட்டப்படத்தில் சுழற்கோணம் என்பது முதற்பங்கு எங்கே தொடங்குகிறது என்பதையே குறிக்கும். அதனை 0 என்று விட்டால் கடிகாரத்தின் 12 மணி இருக்கும் இடத்திலிருந்து பங்குகள் வரிசையாகத் தொடங்கும். ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே பங்கு இருக்குமாறு பார்த்துக்கொள்வது ஒப்பிடுவோர்க்கு உதவியாகும்.

லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் விலையின்றிக் கிடைப்பதால் சிறிய சங்கங்களுக்கு ஏற்றது. அதில் படத்தை இருமுறை சொடுக்கி, ‘ஃபார்மட்’ பட்டியலில் ‘த்ரீ-டி வியூ’ என்பதைத் திறந்தால் இவ்வளவுகள் கிடைக்கும். அங்கும் செங்கோண அச்சுக்களுக்கு உரிய கட்டம் உண்டு.

இவ்வளவு தூரம் திருத்திய பின் எஞ்சுவது தட்டையான படமே என்று அங்கத்தினர் கேட்கலாம். உண்மை. ஆகவே மிகச் சிறந்த வழி, தொடக்கத்திலேயே தட்டையான படத்தைத் தேர்ந்துகொள்வதாகும். பவர்பாயிண்டில் ‘சேஞ்ச் சார்ட் டைப்’ என்ற கட்டளையால், வரைந்து முடித்த முப்பரிமாணப் படத்தையும் எண்கள் மாறாமல் தட்டையான படமாக மாற்றிவிடலாம். இம்ப்ரெஸ்ஸில் படவகையைத் தேரும் இடத்தில் ‘த்ரீ-டி லுக்’ என்ற குறியை நீக்கினால் போதும். எப்படமாயினும் ஒவ்வொரு தூணின் மேலும் ஒவ்வொரு பங்கின் மேலும் ரூபாய் எண்ணை எழுதிவிட வேண்டும். கண் பிழைத்தாலும் எண் பிழைக்காது.

எதற்கு எப்படம்

1984இல் அமெரிக்கப் புள்ளியியலறிஞர்களான வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் ஆகிய இருவரும், மனிதர் படங்களை எவ்வளவு சரியாக மதிப்பிடுகின்றனர் என்பதைச் சோதித்து வெளியிட்டனர். ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் உயரங்களை ஒப்பிடுவதில் மனிதக்கண் மிகத் திறமை உடையதென்றும், கோணங்களை ஒப்பிடுவதில் அவ்வளவு திறமை இல்லையென்றும், பரப்பையும் கன அளவையும் ஒப்பிடுவதில் இன்னும் குறைவென்றும் அவர்கள் கண்டனர். இதனால் நாம் அறிவது, தட்டையான தூண் படமே பெரும்பாலான கணக்குக்கு ஏற்றது என்பதாம். நூல் கொள்முதல், நெசவுக்கூலி, கடன் நிலுவை, மாதவாரி ஏல விலை ஆகிய அனைத்தையும் அதிலேயே காட்டலாம். மூன்று நான்கு பங்குகளே உள்ள பிரிவினைக்கு மட்டும் வட்டப்படம் பொருந்தும்.

கூட்ட அரங்கில் அங்கத்தினர் அமர்ந்திருக்கும் இடமும் ஒரு கோணமே. திரைக்கு நேரே அமர்ந்தவருக்கு வட்டம் வட்டமாகத் தெரியும். நேர்ப்பார்வையிலிருந்து 60 பாகை விலகி ஓரத்தில் அமர்ந்தவருக்குத் திரையின் அகலம் பாதியாகச் சுருங்கும்; வட்டம் முட்டை வடிவாகும்; கோணங்கள் மாறும். ஆனால் தூண்களின் உயரங்கள் அவ்வாறு பாதியாவதில்லை. பக்கத்து வரிசையில் இருப்போருக்கும் நீதி செய்வது தூண் படமே. படம் வீழ்த்தும் புரொஜக்டரை அண்ணாந்து சாய்த்து வைத்தாலும் திரையில் படம் மேற்புறம் விரிந்து கீழ்ப்புறம் குறுகும். கருவியைத் திரைக்கு நேராக, உரிய உயரத்தில் வைப்பதே இதற்குப் பரிகாரம். இயலாதபோது கருவியிலேயே உள்ள ‘கீஸ்டோன்’ திருத்தத்தைப் பயன்படுத்தலாம்.

அங்கத்தினர் கேட்க வேண்டியவை

திரையில் ஒரு படம் தோன்றும்போது அங்கத்தினர் தயங்காமல் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இப்படம் சாய்க்கப்பட்டிருக்கிறதா? சாய்த்திருந்தால் முன்னே நிற்பது எந்தப் பங்கு? ஒவ்வொன்றுக்கும் உரிய ரூபாய் எண் எழுதப்பட்டிருக்கிறதா? அளவுக்கோடு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா? இவற்றைக் கேட்பது நிர்வாகத்தின்மீது ஐயம் கொள்வதாகாது. நிர்வாகத்திற்குத் துணை செய்வதேயாகும்.

நம் தொழில்களில் இவ்வொழுக்கம் புதிதன்று. கட்டம் போட்ட சேலையைச் சாய்த்துப் பிடித்தால் சதுரம் சதுரமாகத் தெரியாது என்பதை நெசவாளர் அறிவார். கட்டம் சரியாக விழுந்ததா என்று பார்க்கத் துணியை விரித்து நேரே நோக்குவார். ஏலக்காயின் பருமனைக் கண்மதிப்பால் மட்டும் முடிவு செய்யாமல் சல்லடையிலிட்டுத் தரம் பிரிப்பதைச் சாகுபடியாளர் அறிவார். துணிக்கும் காய்க்கும் நாம் காட்டும் இக்கவனத்தைக் கணக்குக்கும் காட்டுவோமாக.

வரும் பொதுக்குழுவுக்குப் படங்களைத் தயாரிக்கும் செயலாளர்களும் கணக்கர்களும், கூட்டத்திற்கு முன்னதாகவே படங்களைத் திரையில் இட்டு, அரங்கின் நடுவிலும் இரு ஓரங்களிலும் அமர்ந்து பார்த்து, சாய்வை நீக்கி, எண்களை எழுதி வைப்பார்களாக. அதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியால், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அங்கத்தினரும் தலைவருக்கு அருகில் அமர்ந்திருப்பவரும் ஒரே கணக்கைக் காண்பர், கண்டதற்கே வாக்களிப்பர்.